நாலரை லட்ச ரூபாய்ப் பெட்டி இப்போது வேண்டாம்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு அரிசி ஆலை இருக்கிறது. அப்பா காலமான பிறகு நான்தான் நடத்துகிறேன். அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர், எடைமேடையில் ஒன்று, டாலி கணக்கு மென்பொருளுக்கு ஒரு சர்வர், சுற்றிலும் கேமரா. போன மாதம் மன்னார்குடி சாலையில் தெரிந்தவர் ஆலையில் ஒரே ராத்திரியில் எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டது. திறக்கப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வேறு. அதைக் கேள்விப்பட்டு ஒரு நிறுவனத்தார் வந்து, நாலரை லட்சத்துக்கு ஃபயர்வால் என்று, இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் ஒரு பெட்டியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? எங்களைப் போன்ற சின்ன இடத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்றும் தோன்றுகிறது. இன்னொரு சங்கடம்: எங்கள் கணக்குப்பிள்ளை அப்பா காலத்து ஆள், சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், "என் மேலேயே சந்தேகமா பாப்பா?" என்கிறார். என்ன செய்வது?

பதில்:

இப்போது வாங்காதீர்கள். ஃபயர்வால் மோசமான சாமான் என்று சொல்லவில்லை. உங்கள் ஆலையில் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்குச் சில ஆயிரங்கள்தான் ஆகும். அவற்றை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாட்டினால் நாலரை லட்சம் போனதுதான் மிச்சம்.

முதலில் "யார் தேடி வரப்போகிறார்கள்" என்பதைப் பார்ப்போம். நீங்கள் சொல்வது சரி, உங்களை யாரும் தேடவில்லை. அவர்கள் எல்லாரையும் தட்டிப் பார்க்கிறார்கள். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட வாசல் (போர்ட் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு) திறந்திருக்கிறதா என்று ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-லேயே செய்து காட்டினார்கள். ஆகவே உங்கள் ரௌட்டரையும் தினம் யாரோ தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திறந்த வாசல் கிடைத்தால், அதைக் கண்டுபிடித்தவனே உள்ளே வருவதுகூட இல்லை. "இன்ன இடத்தில் நுழைய வழி இருக்கிறது" என்று இன்னொருவனுக்கு விற்றுவிடுகிறான். வாங்கியவன் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெரும்பாலும் ராத்திரியிலோ விடுமுறை நாளிலோ, பூட்டுகிறான். அது அரிசி ஆலையா ஆஸ்பத்திரியா என்பது பல சமயம் அவனுக்கே பிறகுதான் தெரியும்.

திறந்த வாசல் எங்கே இருக்கும்? உங்களிடம் ஒரு கேள்வி: உங்கள் ஆடிட்டரோ டாலி போட்டுக்கொடுத்தவரோ தஞ்சாவூரில் உட்கார்ந்தபடியே உங்கள் சர்வரைத் திறந்து பார்க்கிறாரா? அல்லது நீங்கள் வீட்டிலிருந்து பார்க்கிறீர்களா? ஆம் என்றால் அது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். "ரௌட்டரில் போர்ட் திறந்துவிட்டிருக்கிறேன் மேடம்" என்று பதில் வந்தால், விசாரணை அங்கேயே முடிந்தது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற எண்ணில் காத்திருக்கும். அதை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட்டு, ஆலையின் பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டு வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். எண்ணை மாற்றி வைத்திருக்கிறேன் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கிற புரோகிராமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மன்னார்குடி சாலை ஆலையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் நான் முதலில் சோதிப்பது இந்த இடத்தைத்தான்.

அதை இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக, செல்போனில் இரண்டாவது உறுதிப்படுத்தலோடு வரட்டும். அல்லது ஆடிட்டர் கேட்கும்போது மட்டும், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைத் திறந்து, உங்கள் ஆள் முன்னால் உட்கார்ந்திருக்க, வேலை முடிந்ததும் மூடுங்கள். ஆள் இல்லாதபோதும் உள்ளே வர ஒரு நிரந்தர பாஸ்வேர்டு வைக்கும் வசதி அதில் உண்டு. அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது திருட்டு மென்பொருள். நீங்கள் கேள்வியில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் விண்டோஸுக்கோ டாலிக்கோ "கிராக்" போட்டிருந்தால், அதைப் போடும்போது "ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னவெல்லாம் உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஃபயர்வாலுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை முறையான லைசென்ஸுக்குப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன என்பதையும் கணக்கில் வையுங்கள். திருத்தம் போடாததன் விலை 2017-ல் உலகத்துக்கே தெரிந்தது. வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டும் வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்துக் கொடுத்திருந்தது. மே மாதம் அது பரவியபோது மாட்டியவர்கள் அந்தத் திருத்தத்தைப் போடாதவர்கள்தான்.

எடைமேடைக் கம்ப்யூட்டர் மட்டும் தனிக் கதை. பல ஆலைகளில் அது இன்னும் விண்டோஸ் 7-ல்தான் ஓடுகிறது. எடைமேடை கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் புதியதில் ஓடாது என்பார்கள். சரி, ஓடட்டும். அதற்கு இணையம் எதற்கு? அந்த வயரைப் பிடுங்கிவிடுங்கள். எடை போடுகிறவர் யூடியூப் பார்க்க முடியாமல் கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

இனி பேக்கப். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "சர்வர் பின்னாலேயே ஒரு ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்கிறோம், தினம் தானாக ஏறுகிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். பூட்டுகிற புரோகிராம் சர்வரோடு சேர்த்து அந்த டிஸ்க்கையும்தான் பூட்டும். இப்போது வருகிறவை முதல் வேலையாகவே பேக்கப் எங்கே என்று தேடி அழிக்கின்றன, விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளையும் சேர்த்து. கூகுள் டிரைவில் ஏற்றுகிறோம் என்பதும் முழுப் பதில் இல்லை. பூட்டிய ஃபைலும் அப்படியே மேலே ஏறி நல்ல ஃபைலின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பழைய பிரதியைத் திரும்ப எடுக்க முடியும், ஆனால் அதற்குக் காலவரம்பு உண்டு.

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று இந்த வாரம், மற்றது அடுத்த வாரம் என்று மாறி மாறி. பேக்கப் எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்று எப்போதும் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். கொள்முதல் மும்முரமான நாட்களில், குறுவை அறுவடையிலும் சம்பா தாளடி அறுவடையிலும், வாரம் போதாது, தினம் எடுக்க வேண்டும். அப்புறம் மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து டாலியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய வவுச்சர் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

கழற்றி வைத்திருப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தாக்குதல், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க விழுந்தன. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையம் வரை பாதிப்பு. யார் யார் எந்தக் கம்ப்யூட்டரில் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் எல்லாம் அழிந்த பிறகு, ஒன்றே ஒன்று கானா நாட்டு அலுவலகத்தில் உயிரோடு கிடைத்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு! அதை வைத்துத்தான் மீண்டும் எழுந்தார்கள். கரன்ட் போனதற்காக நன்றி சொன்ன ஒரே நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும்.

எதையெல்லாம் பேக்கப் எடுப்பது என்று யோசிக்கும்போது, தொலைந்தால் வேறெங்கும் கிடைக்காதது எது என்று பிரித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த விற்பனை விவரமும் இ-வே பில்லும் அரசாங்கத்திடம் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். வங்கி வரவு செலவு வங்கியில் இருக்கிறது. ஆனால் எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி, எந்த மண்டிக்காரர் எவ்வளவு தர வேண்டும், சாக்கு இருப்பு, தவிடு குருணைக் கணக்கு, லோடுமேன்களுக்குக் கொடுத்த முன்பணம் - இவை உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்து கொடுப்பவராக இருந்தால், அவர்கள் நெல் எவ்வளவு வந்தது, அரிசி எவ்வளவு போனது என்ற இருப்புக் கணக்குக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஆகவே சனிக்கிழமைதோறும் நிலுவைப் பட்டியலையும் இருப்பையும் காகிதத்தில் அச்செடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். பழைய கார்பன் வைத்த எடைச்சீட்டுப் புத்தகம் ஒரு கட்டு அலமாரியில் இருக்கட்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டபோது, சுமார் இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாக ஓட்டினார்கள். நீங்கள் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று ஒரு நாள் சும்மா சோதித்துப் பாருங்கள்.

பூட்டுகிறவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய பயம், சத்தமில்லாமல் பணம் போவது. அங்கே வைரஸே தேவையில்லை. நீங்கள் வழக்கமாகச் சாக்கு வாங்கும் கொல்கத்தா வியாபாரியின் மெயில் எவனோ ஒருவன் கையில் இருக்கும். பல நாள் பொறுமையாக உங்கள் கடிதப் போக்குவரத்தைப் படித்துவிட்டு, சரியாகப் பணம் அனுப்பும் வாரத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தத் தடவை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று ஒரு மெயில். பில் எண் சரி, தொகை சரி, கையெழுத்து சரி. கணக்கு எண் மட்டும் வேறு. இதற்கு ஒரே மருந்து: கணக்கு எண் மாறினால், மெயிலில் கொடுத்த எண்ணுக்கு அல்லாமல் உங்கள் டைரியில் பழைய காலமாக இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, தெரிந்த குரலிடம் கேட்பது. கேட்காமல் ஒரு ரூபாய் போகக் கூடாது.

இரண்டாவது வகை, நீங்களே கேட்பது போல வருவது. வாட்ஸ்அப்பில் உங்கள் படத்தை வைத்துக்கொண்டு, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே இந்தக் கணக்குக்கு மூன்று லட்சம் போடுங்கள்" என்று சித்தப்பாவுக்குச் செய்தி வரும். குரலையும் முகத்தையும்கூட இப்போது செய்துவிடுகிறார்கள். அரூப் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் பணம் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் போலி. போனது சுமார் இரண்டரைக் கோடி டாலர். 2024-ல் வெளியே வந்த சங்கதி இது.

சித்தப்பாவின் வருத்தத்துக்கு இங்கேதான் வழி இருக்கிறது. அப்பா காலத்து ஆளுக்கு, முதலாளி சொன்னால் மறுகேள்வி கேட்காமல் செய்வதுதான் விசுவாசம். திருடன் நம்பியிருப்பதும் அதைத்தான். எனவே விதியை அவர் மேல் போடாதீர்கள், உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். "சித்தப்பா, இனிமேல் நானே போனில் சொன்னாலும் பணம் அனுப்பாதீங்க. திரும்ப என் நம்பருக்குக் கூப்பிட்டு, நாம பேசி வச்ச வார்த்தையைக் கேளுங்க. கேட்காம அனுப்பினாத்தான் எனக்குக் கோபம் வரும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நீங்களே அவசரமாக ஒரு தொகை அனுப்பச் சொல்லி, அவர் மறுத்தால் பாராட்டுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தையும் இதே வழியில் பேசலாம். இப்போது எல்லாரும் ஒரே பெயரில் டாலிக்குள் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு ஒரு வவுச்சர் திருத்தப்பட்டு ஐம்பதாயிரம் குறைந்தால், போலீஸோ ஆடிட்டரோ முதலில் யாரைப் பார்ப்பார்கள்? கணக்கில் உட்கார்ந்திருப்பவரைத்தான். அவருக்கென்று தனிப் பெயரும் அவருக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டும் இருந்து, டாலியின் எடிட் லாக் வசதியும் ஓடினால், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று அதுவே சொல்லிவிடும். இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பெயருக்கு அது காவல் என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார். வங்கியிலும் இதே ஏற்பாடு கேளுங்கள்: ஒருவர் பணப் பரிமாற்றத்தைப் பதிய, இன்னொருவர் தனி லாகினில் ஒப்புதல் கொடுக்க. நிறுவனக் கணக்குகளுக்கு இந்த வசதி பெரும்பாலான வங்கிகளில் உண்டு. பதிவது அவர், ஒப்புதல் நீங்கள். ஓடிபி இரண்டு போனுக்கும் தனித்தனியாக வர வேண்டும். உங்கள் ஓடிபியை அவரிடம் படித்துக் காட்டினால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

ஓடிபி வரும் போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகை என்றும், லாரிக்கு டிராஃபிக் அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைல், வருகிறது. லாரி வைத்திருப்பவருக்கு அபராதம் என்று வந்தால் யார்தான் திறந்து பார்க்க மாட்டார்கள்? திறந்து இன்ஸ்டால் செய்தால் எஸ்எம்எஸ் எல்லாம் அடுத்தவனுக்குப் போகும். வங்கியில் பதிந்த எண்ணை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு வைப்பது நல்ல யோசனை.

கணக்கைத் தினம் ஒத்துப் பார்ப்பதன் அருமைக்கு நம் டெல்டாவிலேயே சான்று இருக்கிறது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக 2018 பிப்ரவரியில் மூன்று போலிப் பரிமாற்றங்கள் நடந்தன, சுமார் இருபது லட்சம் டாலருக்கு. வங்கியே அதை வெளியில் அறிவித்தது. கணக்கு ஒத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. உடனே செயல்பட்டதால் துபாய்க்குப் போக இருந்த ஐந்து லட்சம் டாலர் வழியிலேயே நிறுத்தப்பட்டது. நீங்களும் காலையில் ஆலை ஓடத் தொடங்கும் முன் நேற்றைய வங்கிப் பட்டியலை டாலியோடு ஒருமுறை பாருங்கள். கால் மணி நேர வேலை.

இன்னொன்று. சேமிப்பு, கடன், பட்டுவாடா எல்லாம் ஒரே சின்ன வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்திருந்தால், இரண்டாவது வங்கியில் ஒரு கணக்கைத் தொடங்குங்கள். 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகள் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. தப்பு உங்களுடையதாக இல்லாவிட்டாலும் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பணம் நிற்கும்.

ஆலையில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களின் ஆதார் நகல், விவசாயிகளின் பாஸ்புக் படம் என்று சர்வரில் குவிந்திருக்கும். இப்போது பூட்டுவதற்கு முன் ஃபைல்களை நகலெடுத்துக்கொண்டு, "வெளியிடுவேன்" என்று மிரட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. ஓர் அரிசி ஆலைக்கு அந்த எண் வரும் என்று நான் மிரட்ட மாட்டேன். தேவை முடிந்த நகலை அழித்துவிடுங்கள். இல்லாத ஃபைலைத் திருட முடியாது.

இவையெல்லாம் முடிந்த பிறகு ஃபயர்வாலுக்கு வருவோம். அப்போதும் ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பிக்க எவ்வளவு, எச்சரிக்கை வந்தால் அதைப் படிக்கப்போவது யார் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். படிக்க ஆள் இல்லை என்றால் அது சுவரில் விளக்கு மினுக்கும் பெட்டிதான். அதற்கு முன்னால், கேமரா படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றி, அதைக் கணக்கு சர்வர் இருக்கும் வலையிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ரௌட்டரிலேயே அது முடியலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் காலையில் திரையில் அந்தக் குறிப்பு வந்துவிட்டால்: லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். குறிப்பைப் போனில் படம் எடுங்கள். "ஃபார்மேட் அடித்துவிடலாம்" என்று கிளம்பும் சர்வீஸ்காரரைத் தடுத்து நிறுத்துங்கள். பூட்டிய ஃபைல்களை வைத்திருந்தால், நோ மோர் ரான்சம் தளத்தில் அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கியது அது. எல்லாவற்றுக்கும் சாவி இருக்காது, சிலவற்றுக்கு இருக்கும். பணம் கட்டுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. கட்டியும் பாதி ஃபைல் திறக்காமல் போவதுண்டு, கட்டுகிற ஆள் என்று பெயர் வாங்கினால் மறுபடியும் வருவார்கள். 2022 ஏப்ரல் 28-ல் வந்த ஆணைப்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே அந்தப் படிவத்தை வாங்கி வையுங்கள்.

போனது பணம் என்றால் முதல் போன் 1930-க்கு, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. அதோடு வங்கிக்கும் சொல்லுங்கள். திருட்டுப் பணம் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக மளமளவென்று கை மாறும், ஆகவே உறவினரிடம் கேட்டு, கவுன்சிலரிடம் கேட்டு என்று அரைநாள் போக்கக் கூடாது. பரிமாற்ற எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருந்தால் போதும், எழுத்துப் புகாரைப் பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியலாம். பிறகு வங்கி பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் மாற்றுவீர்கள் அல்லவா, அதை ஆலைக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், வீட்டிலுள்ள வேறொன்றில் செய்யுங்கள். மெயிலை மாற்றும்போது அதன் அமைப்பில், வரும் கடிதங்களைத் தெரியாத முகவரிக்குத் தானாகத் திருப்பி அனுப்பும்படி ஏதாவது விதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு அழியுங்கள், போலீஸ் கேட்பார்கள்.